வடிவம் யாருடையதோ, விலையும் அவருடையதே

ஏப்ரல் சீசன் வந்துவிட்டால் எங்கள் றொசல்ல ஊடாகப் போகும் ஹட்டன் வீதிக்கு ஒரு தனி மவுசு வந்துவிடும். கொழும்பிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக மலையேறி வரும் வாகன வரிசையில் வேன்களுக்கும் பஸ்களுக்கும் இடையே விலையுயர்ந்த கார்களும் வரும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் ஓட்டப் போட்டி என்று நுவரெலியா களைகட்டும் மாதம் அது. அங்குள்ள மஹகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார் போட்டி 1934ஆம் ஆண்டில் தொடங்கியது என்றால் இந்த மலைநாட்டுக்கும் காருக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது புரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கும் வரை ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய மொடல் ஒன்றைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்தது. ஆகவே பார்க்கும் ஆசையும் இப்போது கூடியிருக்கிறது.

பார்ப்பவர்கள் காரைப் பார்க்கட்டும். வியாபாரிகளாகிய நாம் அதன் கணக்கைப் பார்ப்போம். எல்லாக் காருக்கும் சில்லு நான்குதான். இரும்பும் கண்ணாடியும் இறப்பரும் எல்லாவற்றிலும் உண்டு. சாதாரண காரும் நம்மை ஹட்டனுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும், சொகுசுக் காரும் அதே ஹட்டனுக்குத்தான் கொண்டு போகும். அப்படியிருக்க, ஒன்றின் விலைக்கும் மற்றதன் விலைக்கும் இடையே ஏன் இத்தனை தூரம்? இயந்திரத்தின் பலமும் பாதுகாப்பும் ஒரு பங்கு, வரி இன்னொரு பங்கு. அவை போக மிஞ்சும் பெரும் பங்கை வடிவமும் பெயரும் எடுத்துக்கொள்கின்றன.

இதே கேள்வியைப் புடவைக்கடைக்கும் கொண்டு வரலாம். எங்கள் தோட்டப் பகுதிகளிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தைத்த சட்டை லண்டனிலோ நியூயோர்க்கிலோ கண்ணாடி அலுமாரியில் தொங்கும்போது அதன் விலைச்சீட்டில் இருக்கும் தொகை, தைத்த கைக்குக் கிடைத்த கூலியைப் போலப் பல மடங்கு. துணி அதே துணி, தையல் அதே தையல். நடுவில் விலையை ஏற்றியவர் யார்?

கறுப்புக் காரும் கவர்ச்சிக் காரும்

அமெரிக்காவின் ஹென்றி போர்ட் 1908இல் மொடல் ரீ என்ற காரைச் சந்தைக்கு விட்டார். ஆரம்ப விலை 850 டொலர். ஒரே மாதிரியான காரை ஏராளமாகச் செய்து செய்து, விலையை 300 டொலருக்கும் கீழே இறக்கினார். பல வருடங்கள் அது கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. மலிவு ஒன்றே வெற்றி தரும் என்று அன்று யாரும் சத்தியம் செய்திருப்பார்கள்.

அப்போது ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த அல்பிரட் ஸ்லோன் வேறொரு கணக்குப் போட்டார். கார் வாங்கக்கூடியவர்களில் பலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டார்கள். இனி அவர்கள் வாங்கப் போவது இரண்டாவது கார். கையில் ஒன்று இருக்கும்போது மனிதன் மலிவை மட்டும் தேடமாட்டான், பார்வைக்கு நல்லதையும் தேடுவான். பாரிஸில் பெண்களின் உடை மோஸ்தர் வருடத்துக்கு வருடம் மாறுவது போலக் காரின் மோஸ்தரும் மாற வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஹொலிவூட் நடிகர்களுக்குக் காரின் மேற்கூடு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஹார்லி ஏர்ள் என்பவரை அழைத்து வந்தார். அவர் வடிவமைத்த லாசால் என்ற கார் 1927இல் வெளிவந்தது. அதே வருடம் கலைக்கும் நிறத்துக்கும் என்றே ஒரு தனிப் பிரிவு அந்த நிறுவனத்தில் தொடங்கப்பட்டு, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதே 1927 மே மாதத்தில்தான் போர்ட் தனது மொடல் ரீ உற்பத்தியை நிறுத்தினார். புதிய காருக்காகத் தொழிற்சாலைகளை மாதக் கணக்கில் மூடி வைக்க நேர்ந்தது. டிசம்பரில் வெளிவந்த அந்தப் புதிய காருக்குப் பல நிறங்கள் இருந்தன.

விலையைக் குறைத்துக்கொண்டே போகிறவனுக்கு ஒரு நாள் குறைக்க இடமில்லாமல் போகும். பக்கத்துக் கடையோடு பத்து ரூபாய்க்குப் போட்டி போடும் நம்மில் பலருக்கு இந்தப் பழைய கதை இன்றும் பொருந்தும்.

நம் காலத்துக் கதையும் ஒன்று உண்டு. தென்கொரியாவின் கியா கார் ஒரு காலத்தில் மலிவுக்கு மட்டுமே பெயர் பெற்றிருந்தது. 2006இல் அந்த நிறுவனம் ஜேர்மனியின் அவுடி நிறுவனத்தில் பேர்பெற்ற வடிவமைப்பாளரான பீட்டர் ஷ்ரேயரைக் கூட்டி வந்தது. தூரத்தில் வரும்போதே இது கியா என்று தெரியும்படி, எல்லா மொடலுக்கும் பொதுவான ஒரு முகத்தை அவர் கொடுத்தார். புலியின் மூக்கு என்று அதற்குப் பெயர். பின்னர் அவரே கியாவின் தலைவர்களில் ஒருவராகவும் ஆக்கப்பட்டார். கோடு வரைபவருக்கு நிர்வாகத்தில் எந்த ஆசனம் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

மேடை எதற்காக?

பெஷன் ஷோ என்றால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். அங்கே காட்டப்படும் உடைகளும் காட்டப்படும் விதமும் நமக்கு ஏற்றவையல்ல என்பது வேறு விடயம். ஆனால் அந்த மேடை ஏன் போடப்படுகிறது என்ற வியாபாரப் பாடத்தை நாம் தெரிந்து வைத்திருப்பதில் தவறில்லை.

1858இல் சார்ள்ஸ் வேர்த் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒரு தையல் நிலையம் திறந்தார். அதுவரை சீமாட்டிகள் தமக்கு வேண்டியதைச் சொல்வார்கள், தையற்காரர் தைத்துக் கொடுப்பார். வேர்த் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். தானே முதலில் ஆடையை வடிவமைத்து, உயிருள்ள பெண்களுக்கு அணிவித்துக் காட்டினார். வந்தவர்கள் அதிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். தனது பெயரை ஒரு துணிச்சீட்டில் பொறித்து ஆடையின் உள்ளே தைத்தும் வைத்தார். கூலிக்குத் தைத்தவர் அன்றோடு விலை சொல்பவரானார்.

இன்றும் பாரிஸ், மிலான், லண்டன், நியூயோர்க் நகரங்களில் இந்தக் கண்காட்சிகள் வருடத்துக்கு இரண்டு பருவங்களில் நடக்கின்றன. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அடுத்து வரும் குளிர்காலத்துக்கான உடைகளும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அடுத்த வருடக் கோடைக்கான உடைகளும் காட்டப்படும். கடைக்காரர்கள் வந்து பார்த்துக் கட்டளை கொடுக்கவும், துணி எடுத்துத் தைத்து அனுப்பவும் அந்த இடைவெளி தேவை. மேடையில் வரும் சில விசித்திர உடைகள் கடைக்கே வருவதில்லை. அவை கண்ணை இழுப்பதற்கு மட்டும். பல பெரிய நிறுவனங்களுக்கு உண்மையான இலாபம் வருவது கைப்பையிலும் பாதணியிலும் வாசனைத் திரவியத்திலும்தான்.

கார்க்காரர்களும் இதே வழியில் சென்றார்கள். ஜெனரல் மோட்டர்ஸ் 1949 முதல் 1961 வரை மோட்டோராமா என்ற பெயரில் இசையும் நடனமும் உடை அலங்காரமும் சேர்ந்த கார் விழாக்களை நடத்தியது. எதிர்காலக் கார் என்று சொல்லி ஒன்றிரண்டு மாதிரிகளை அங்கே சுழல விடுவார்கள். எதைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது என்று கவனித்துக் கொள்வார்கள். 1953 ஜனவரியில் அப்படிக் காட்டிய கோர்வெட் என்ற கார் மக்களுக்குப் பிடித்துப் போகவே, ஜூன் மாதக் கடைசியில் உற்பத்தியாகி வெளிவந்தது. 1976இல் லிங்கன் நிறுவனம் தனது காரின் உள்ளலங்காரத்தையும் நிறங்களையும் தெரிவு செய்யும் பொறுப்பை கார்ட்டியே, ஷிவாங்ஷி, பூச்சி, பில் பிளாஸ் ஆகிய நான்கு பெஷன் பெயர்களிடம் கொடுத்து, அந்தப் பெயர்களிலேயே கார்களை விற்றது. காரும் உடையும் ஒரே கடைத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

மேடை என்பது நமது கடையின் முன்கண்ணாடி போன்றது. உள்ளே சரக்கு இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டுக் கணக்கு

இலங்கையின் ஆடை ஏற்றுமதி 2024ஆம் ஆண்டில் 450 கோடி டொலரைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்காவுக்குப் போவது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கொண்டுவந்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இந்தத் தொழிலைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றது. எம்.ஏ.எஸ்., அஷ்ரப் ஒமர் நெடுங்காலம் தலைமை தாங்கி வளர்த்த பிரண்டிக்ஸ் போன்ற நமது நிறுவனங்கள் உலகச் சந்தையில் பெயர் பெற்றிருக்கின்றன.

எனினும் இந்தத் தொழிலின் பெரும் பகுதி பிறர் வரைந்ததைத் தைத்துக் கொடுப்பதுதான். அதில் உள்ள ஆபத்தை 2025இல் கண்ணாரக் கண்டோம். அந்த வருடம் ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. பிறகு 30 என்றது. ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. அந்த நான்கு மாதங்களும் தொழிற்சாலை முதலாளிகள் மட்டுமல்ல, தைக்கும் பிள்ளைகளின் வீட்டாரும் நிம்மதியாக இருக்கவில்லை. இங்கே விலை கூடினால் வாங்குபவர் வேறு நாட்டுக்குப் போய்விடலாம். ஏனென்றால் வடிவம் அவரிடம் இருக்கிறது, ஊசி மட்டுமே நம்மிடம் இருக்கிறது.

தேயிலையும் இதற்கு நல்ல உதாரணம். நம் மலைக் கொழுந்து நெடுங்காலம் மூட்டையிலும் பெட்டியிலும் கப்பலேறி, வேறு நாட்டில் வேறு பெயரோடு விற்கப்பட்டது. மெரில் ஜே. பெர்னாண்டோ தனது இரு மகன்மாரின் பெயர்களையும் சேர்த்து டில்மா என்று பெயர் வைத்து, 1980களில் அவுஸ்திரேலியச் சந்தையில் இங்கேயே பொதி செய்த தேயிலையை இறக்கினார். 2023இல் அவர் காலமானபோது அந்தப் பெயர் உலகம் அறிந்த பெயராகியிருந்தது.

துணியிலும் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்பூட் நிறுவனம் கைத்தறித் துணியைத்தான் விற்கிறது. தறி பழைய தறி, நூல் பருத்தி நூல். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று அவர் எடுத்த முடிவுதான் அந்தத் துணிக்கு வெளிநாட்டவரையும் தேடி வரச் செய்தது. கொழும்பு பெஷன் வீக் என்ற கண்காட்சி 2003இல் தொடங்கியதிலிருந்து நமது இளம் வடிவமைப்பாளர் பலருக்கு ஒரு வாசலாக இருந்து வருகிறது. 2019 உலகக் கிண்ணத்தில் நமது கிரிக்கெட் அணி அணிந்த மேலாடையை, கடலோரத்தில் சேர்த்த பிளாஸ்டிக் கழிவிலிருந்து செய்த நூலில் தயாரித்தது எம்.ஏ.எஸ். நிறுவனம். நமது கைக்கு வடிவமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நமது சமூகத்தின் மருதமுனைக் கைத்தறிக்கும் நாடறிந்த பெயர் உண்டு. மருதமுனைச் சாரத்தை விரும்பிக் கேட்டு வாங்குபவர்கள் இந்த மலைநாட்டிலும் இருக்கிறார்கள். பெயார்பூட் துணியையும் மருதமுனைத் துணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெசவில் நம்மவர் குறைந்தவர்களல்லர். நிறத் தெரிவுக்கும் பெயருக்கும் காட்சிப்படுத்தலுக்கும் ஒருவர் முதலிட்டார். அந்த முதலுக்கான இலாபமே விலை வித்தியாசமாக நிற்கிறது.

ஜெனீவாவுக்குப் போகவிருந்த இலங்கைக் கார்

கொழும்பின் கோட்ஜென் நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ சுபசிங்க குழுவினர் வேகா என்ற பெயரில் மின்சார சுப்பர் கார் ஒன்றை இங்கேயே உருவாக்கினார்கள். காபன் இழையால் ஆன அதன் உடலும் இந்த நாட்டிலேயே வடிவம் பெற்றது. 2020 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அது உலகத்துக்குக் காட்டப்பட இருந்தது. கொரோனாத் தொற்றினால் கடைசி நேரத்தில் கண்காட்சியே இரத்தானது.

மேடை கிடைக்காததோடு கதை முடிந்துவிடவில்லை. அந்தக் காரைச் செய்யக் கற்றுக்கொண்டவர்கள் மின்சார முச்சக்கர வண்டி வடிவமைப்பிலும் இறங்கினார்கள். கோடீஸ்வரருக்கான காரை வரைந்த கை, நமது ஊர்ச் சந்தியில் நிற்கும் வண்டியையும் வரைய முடிந்தது. படித்த தொழிலை இறக்கி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

மூடிய ஆடைக்குத் திறந்த சந்தை

இனி நமக்கு நெருக்கமான விடயம். அபாயாவும் ஹிஜாபும் நமது பெண்கள் மட்டும் தேடும் பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெரிய நிறுவனங்கள் அதைக் கணக்குப் பார்த்துவிட்டன. 2014இல் அமெரிக்காவின் டி.கே.என்.வை. நிறுவனம் நோன்பு காலத்துக்கென்றே ஓர் ஆடைத் தொகுதியை வெளியிட்டது. 2015இல் ஜப்பானின் யுனிக்லோ, ஹானா தஜிமா என்ற முஸ்லிம் வடிவமைப்பாளருடன் சேர்ந்து அடக்கமான ஆடைகளை விற்றது. 2016இல் இத்தாலியின் டோல்சே அன்ட் கபானா அபாயாக்களை வெளியிட்டது. 2017இல் நைக்கி விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஹிஜாபை அறிவித்தது.

அவர்கள் நம் பெண்களின் தேவையைத் தெரிந்துகொண்டு வரைகிறார்கள். நாமோ டுபாயிலும் சீனாவிலும் யாரோ வரைந்ததைப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து, பெருநாளைக்கு முதல் விற்றுத் தீர்க்கப் பார்க்கிறோம். எந்தக் கடையிலும் அதே சரக்கு. ஆகவே பேரம் பேச வேண்டியது விலையில் மட்டும். வாங்குபவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் நான்கு கடை ஏறி இறங்குகிறார்.

மழைக் கோட்டின் பாடம்

எங்கள் பக்கம் மழைக்குப் பேர்போனது. வட்டவளைப் பகுதியில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அந்த மழையிலும் கொழுந்து பறிக்கத்தான் வேண்டும். இடுப்பில் படங்கு, தலையில் கொங்காணி, மேலே பொலித்தீன் என்று அந்தப் பெண்கள் உடுத்துவதும் ஒரு வடிவமைப்புத்தான். பல தலைமுறைகள் தேவையைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அது.

ஒரு நாள் தோட்டத்துப் பெண் ஒருவர் கடைக்கு வந்து, "நானா, கையைத் தூக்குனா உள்ளுக்குத் தண்ணி போகாத ஒரு மழைக் கோட்டு இருக்கா?" என்று கேட்டார். நான் காட்டியதெல்லாம் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களுக்குச் செய்தவை. "இது செடியில மாட்டும் நானா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னேன். ரெடிமேட் உடைகள் வந்த பிறகு அவருக்குக் கிழிசல் தைப்பதும் கால்சட்டை நீளம் குறைப்பதும்தான் வேலையாக இருந்தது. கடையை மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். அவர் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, கொழுந்து பறிப்பது போலக் கையை அசைத்துக் காட்டச் சொன்னார். பிறகு கையை முழங்கைக்கு மேலே நிறுத்தி இறுக்கு நாடா வைத்தார். செடியில் உரசும் முன்பக்கத்துக்குப் படங்குச் சீலையை இரட்டையாகக் கொடுத்தார். முதுகில் கொழுந்துப் பை கிடக்கும் இடத்தில் வெட்டைக் குறைத்தார். முதலில் தைத்தது சரிவரவில்லை. மூன்றாவது கோட்டைத்தான் அந்தப் பெண் கழற்றாமல் போட்டுக்கொண்டு போனார்.

கடைக் கோட்டை விட அதன் விலை கூடத்தான். ஆனாலும் மழைக்காலம் தொடங்குமுன்னே அயல் தோட்டங்களிலிருந்து ஆள் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் அந்தத் தம்பியிடம் "பக்கத்துக் கடையில் குறைவு" என்று சொல்வதில்லை. பக்கத்துக் கடையில் அது இல்லை.

ஹார்லி ஏர்ள் களிமண்ணில் காரின் உருவத்தைப் பிசைந்து பிசைந்து திருத்தியதும் இந்தத் தம்பி செய்ததும் ஒரே வேலைதான் என்பேன்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, "இது இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வெளியேறும் வாடிக்கையாளரின் கேள்வியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அபாயாவில் போன் வைக்க ஒரு பை, குழந்தைக்குப் பால் கொடுக்க வசதியான ஒரு வெட்டு, குளிருக்கு உள்துணி என்று நமது பெண்கள் கேட்பவை ஏராளம்.

இரண்டாவது, உங்கள் ஊர்த் தையற்காரரைக் கைவிடாதீர்கள். அவரிடம் கை இருக்கிறது, உங்களிடம் வாடிக்கையாளர் இருக்கிறார். இருவரும் சேர்ந்தால் ஒரு சிறிய நிறுவனம்.

மூன்றாவது, பெரிய பெயர்களின் போலிச் சின்னம் ஒட்டிய சரக்கை விட்டுவிடுங்கள். அது சட்டத்துக்கும் விரோதம், நாம் விற்பதால் வளர்வதும் மற்றவரின் பெயர்தான்.

நான்காவது, உங்களுடையதைப் பதிவு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு கைத்தொழில் வடிவமைப்பைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால் 5 வருடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. அதை இரண்டு முறை புதுப்பித்து 15 வருடங்கள் வரை நீடிக்கலாம். வியாபாரச் சின்னத்துக்கு 10 வருடங்கள், அதன் பின் தொடர்ந்து புதுப்பிக்கலாம். பதியப்படும் வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே சந்தைக்கு விடுமுன்னரே விசாரித்துக் கொள்ளுங்கள்.

பாரிஸ் மேடையும் சொகுசுக் காரும் நமக்கு எட்டாதவையாக இருக்கலாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எட்டாததல்ல. அடுத்த பெருநாளைக்குச் சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போகுமுன், உங்கள் அலுமாரியில் வேறெந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு பொருளாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், ஒரு தையற்காரரோடு உட்கார்ந்து பேச இன்னும் காலம் இருக்கிறது.